கோபகபானா மாதாவின் காலடியில் வெள்ளிப் பிறை

பொலிவியாவில் டிட்டிகாக்கா ஏரிக்கரையில் இருக்கிறது கோபகபானா மாதா கோயில். லா பாஸிலிருந்து பேருந்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். வழியில் டிக்கினா நீரிணையில் பயணிகள் இறங்கிப் படகில் கடப்பார்கள். பேருந்து தனியே தட்டைப் படகில் வரும். பாஸ்போர்ட்டையும் சில்லறையையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஊர் 3,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால், வந்த அன்றே ஊரை ஒட்டிய கல்வாரி மலை ஏறினால் தலைவலியும் குமட்டலும் படுத்திவிடும். முதல் நாள் ஓய்வு, மறுநாள் மலை.

மாதாவின் திருவுருவம் சுமார் நான்கடி. செதுக்கியவர், ஸ்பானியர் வரும்முன் இங்கே ஆண்ட இன்கா அரச வழியில் வந்த பிரான்சிஸ்கோ டிட்டோ யுபாங்கி. அவர் களிமண்ணில் செய்த முதல் உருவம் நன்றாக அமையவில்லை என்று கோயிலிலிருந்து அகற்றப்பட்டது. அவர் விடவில்லை. வெள்ளிச் சுரங்க நகரான போட்டோசிக்குப் போய் தியேகோ ஓர்டிஸ் என்ற சிற்பியிடம் தொழில் கற்றார். கற்றாழைத் தண்டும் சுதையும் கொண்டு மீண்டும் உருவாக்கி, லா பாஸில் பொன் பூசி எடுத்துவந்தார். 1583 பிப்ரவரி 2 அன்று மாதா இங்கே குடிகொண்டாள். இன்றும் அந்த நாளில் திருவிழா உண்டு. பவனியில் போவது நகல் உருவம். மூல உருவம் கோயிலை விட்டு வெளியேறுவதில்லை.

காலடியில் படகுபோல வளைந்த வெள்ளிப் பிறையை நிதானமாகப் பாருங்கள். பிறைமேல் நிற்கும் மரியா ஸ்பெயினிலிருந்து வந்த வடிவம், பைபிளின் திருவெளிப்பாட்டு நூலில் வேரூன்றியது. ஆனால் இன்காக்களுக்கு வெள்ளி சந்திரனுக்கு உரியது; சூரியத் தீவும் சந்திரத் தீவும் எதிரே ஏரியிலேயே இருக்கின்றன. புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் அந்தப் பிறையில் எதைக் கண்டு கைகூப்பியிருப்பார்கள் என்பதை, இந்தக் கரையில் நிற்கும்போது உணரலாம்.

அந்தக் காலத்து வெள்ளியின் பெரிய ஊற்று போட்டோசி மலை. 1545-இல் அங்கே வெள்ளி தெரியவந்தது. 1570-களில் பாதரசம் கலந்து பிரிக்கும் முறை வந்தது. மித்தா என்ற கட்டாய வேலையில் பூர்வகுடிகள் சுரங்கத்தில் மடிந்தார்கள். ஆண்டிஸ் கோயில்களின் வெள்ளிப் பீடங்களைக் கும்பிடும்போது அவர்களையும் நினைக்க வேண்டும்.

அந்தப் பீடங்கள் கெட்டி வெள்ளி அல்ல. மெல்லிய தகட்டை அரக்குப் படுக்கையில் வைத்துப் பின்புறமிருந்து தட்டிப் புடைப்பார்கள். பிறகு திருப்பி, முன்புறத்தில் உளியால் பூவும் இலையும் தெளிவாக்கி, மரச்சட்டத்தில் ஆணியால் அடிப்பார்கள். மரம் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும்போது ஆணித்துளையில் தகடு கிழியும். காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். அதைப் பளபளப்பாக்கப் பொடிபோட்டு அழுத்தித் தேய்த்தால் முதலில் போவது முகங்களின் மூக்குதான்.

மெழுகுவர்த்தி ஏற்றப் பக்கத்தில் தனிச் சிற்றாலயம் உண்டு. உருகிய மெழுகால் சுவரில் தாங்கள் வேண்டும் வீட்டையும் வண்டியையும் வரைந்துவிட்டுப் போகிறார்கள் பக்தர்கள்.