நோட்டீஸை யார் வாசிப்பது?

சொத்து விஷயத்தில் என் மேல் வழக்குப் போட்டிருப்பவர் என் அண்ணன். எனக்கு வரும் தபால்களை வாசித்துக் காட்டுபவரும் அவர்தான், ஏனென்றால் எனக்குப் பார்வை கிடையாது. வக்கீல் நோட்டீஸையும் அவரே வாசித்தார். நடுவில் இரண்டு பத்தி விட்டுப்போனது என் வக்கீல் வாசித்தபோதுதான் தெரிந்தது. வேண்டுமென்றே விட்டாரா என்று நான் கேட்கவில்லை.

சரி, இனி எல்லாவற்றையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள் என்றேன். வந்தது ஸ்கேன் செய்த பிடிஎஃப். திரையில் உள்ள எழுத்தை வாசித்துச் சொல்லும் என் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளுக்கு அது வெறும் படம், வாசிக்க எதுவுமில்லை. படத்தை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் போட்டால் முத்திரை விழுந்த இடங்களில் தேதியும் தொகையும் உளறலாகின்றன. வழக்கில் முக்கியமே அவைதானே! இத்தனைக்கும் அதிலிருந்த வழக்கு மனு கணினியில் தட்டச்சு செய்ததுதான். அந்தக் கோப்பையே அனுப்பியிருக்கலாம்.

நீதிமன்றத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி என்றாலே பலருக்குச் சாய்தளம்தான் நினைவுக்கு வருகிறது. அது சின்ன விஷயமில்லை. அமெரிக்காவின் டென்னசியில் சக்கர நாற்காலியில் நடமாடும் ஜார்ஜ் லேன் என்பவர் லிஃப்ட் இல்லாத நீதிமன்றத்தில் படிகளில் தவழ்ந்து ஏறினார். அடுத்த முறை தவழ மறுத்தார். ஆஜராகவில்லை என்று கைது செய்தார்கள். மாநிலத்தின் மேல் இதற்காக வழக்குத் தொடரலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2004இல் 5-4 என்ற கணக்கில்தான் தீர்ப்பளித்தது. ஐ.நா.வின் 2006ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையோ கட்டடத்தோடு நிற்கவில்லை. புலன்விசாரணைக் கட்டத்திலிருந்தே நடைமுறைகளை நமக்கேற்ப மாற்றித் தரவேண்டும் என்கிறது அதன் 13ஆவது பிரிவு.

குறுக்கு விசாரணையில், "பத்திரத்தில் கையெழுத்தானபோது உங்கள் அண்ணன் அங்கே இருந்தார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். பிறந்ததிலிருந்து கேட்கும் செருப்புச் சத்தம், தொண்டைச் செருமல். வேறென்ன வேண்டும்? 2021இல் இந்திய உச்ச நீதிமன்றம், பார்வையற்ற பெண் ஒருவர் பாலியல் வன்கொடுமை செய்தவனைக் குரலை வைத்து அடையாளம் காட்டியதை ஏற்றது. மாற்றுத்திறனாளியின் சாட்சியம் என்பதற்காகவே அதைக் குறைத்து மதிக்கக் கூடாது என்றும் சொன்னது. என் வக்கீல் அதை எடுத்துக்காட்டினார். நீதிபதி குறித்துக்கொண்டார்.

தட்டச்சுக் கோப்பு கேட்டு இப்போது மனு போட்டிருக்கிறோம். அந்தக் கோப்பில் நான் திருத்தம் செய்துவிடுவேன் என்பது அண்ணன் தரப்பு ஆட்சேபம். கையெழுத்திட்ட பிரதி நீதிமன்றத்திலேயே இருக்கட்டும், எனக்கு வாசிக்க ஒன்று கொடுங்கள் என்று பதில் சொல்லியிருக்கிறோம்.