ஏலியன் படையெடுப்புத் தொடருக்குக் கதை பின்னியதில் பட்ட பாடு

ஐந்து தொகுதி, தொகுதிக்கு 112 பக்கம். பூமியின்மீது நடக்கும் ஏலியன் படையெடுப்பைப் பற்றிய கிராஃபிக் நாவல் தொடர். கதைத்திட்டம் ஒருவழியாக முடிந்து ஓவியரிடம் போய்விட்டது. ஆனால் அதற்குள் மூன்று முறை முழுவதையும் பிரித்துக் கோக்க வேண்டியிருந்தது. அதில் இரண்டு முறை தேவையே இல்லாத வேலை. பேனல் (பக்கத்தில் ஒரு படக்கட்டம்), ஸ்பிளாஷ் (முழுப்பக்கப் படம்), தம்ப்நெயில் (சிறிய மாதிரிக் கிறுக்கல்) என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கே இடித்தது, எப்படிச் சரியானது என்பது மட்டும் போதும்.

முதல் அடி ஆரம்பத்திலேயே விழுந்தது. பழைய திட்டத்தில் ஒரு சாதாரணக் காலை, பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புகிறார்கள், ஆறாம் பக்கத்தில் வானத்தை மறைத்துக்கொண்டு கப்பல் நிற்கிறது. யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. இருபது பக்கத்துக்கு தம்ப்நெயில் வரைந்து முடித்த பிறகுதான் கப்பலின் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

கணக்கு இதுதான். கப்பல் ஒளிவேகத்தில் 10 சதவீதத்தில் வருகிறது. மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்ஸிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பினால் 42 ஆண்டுக்கு மேல் பயணம். இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் பூமியருகே நிற்க வேண்டுமானால் வேகத்தைக் குறைக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் தாங்கக்கூடிய 1 ஜி (பூமியின் ஈர்ப்புக்குச் சமமான) அளவில் பிரேக் போட்டால் 35 நாள் பிடிக்கும். பிரேக் போடத் தொடங்கும் இடம், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் 300 மடங்கு தள்ளி. கப்பலின் எடை 10 லட்சம் டன், எஞ்சினிலிருந்து வெளியேறும் துகள்களும் ஒளிவேகத்தில் 10 சதவீதத்தில் பாய்கின்றன என்று வைத்தால், அதற்குத் தேவைப்படும் திறன் பூமிமீது விழும் மொத்தச் சூரிய ஒளிக்கு ஏறத்தாழச் சமம். அதில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் ஒளியாக மாறினால்கூட, இரவுதோறும் வானத்தை அலசும் தானியங்கித் தொலைநோக்கிகள் முதல் நாளே பிடித்துவிடும். ஆக, திடீர்த் தாக்குதல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சூரியன் பக்கமிருந்து வந்தால் தெரியாதே என்று ஒரு யோசனை. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேல் வெடித்த ஏறத்தாழ 20 மீட்டர் விண்கல் அப்படித்தான் யார் கண்ணிலும் படாமல் வந்தது. ஆனால் அது சும்மா வந்த கல், எஞ்சின் எரியவில்லை. 35 நாளில் பூமி தன் பாதையில் ஏறத்தாழ 35 டிகிரி நகர்ந்துவிடும். சூரியன் அவ்வளவு நாள் திரையாக நிற்காது. அந்த வழியும் அடைபட்டது.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு அந்த 35 நாளையே முதல் தொகுதியாக வைத்தோம். தொடரில் எங்களுக்கு மிகவும் பிடித்த தொகுதி இப்போது அதுதான். ஒவ்வொரு அத்தியாயத் தலைப்பிலும் மிச்சமிருக்கும் நாள். 7 நாள் இருக்கும்போது கப்பல் சனியின் பாதைக்குச் சற்று வெளியே. சில நாளில் வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. ஒரே ஒரு நாள் இருக்கும்போது 3.66 கோடி கிலோமீட்டர் தொலைவில், அதாவது நிலாவின் தூரத்தைப்போல் 95 மடங்கு. இந்த எண்களைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டதால், எந்தப் பேனலில் அந்த ஒளிப்புள்ளி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற சண்டையே வரவில்லை. இன்னொன்றும் கிடைத்தது. பிரேக் போடும் கப்பலின் எஞ்சின் வாய் பூமியை நோக்கித்தான் இருக்கும். பாய்ந்துவரும் துகள்கள் செயற்கைக்கோள்களைப் பொசுக்குகின்றன என்று வைத்தோம். அதுவரை தகவல்தொடர்பு ஏன் அறுந்தது என்பதற்குக் காரணமே இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த இடி, ஏன் வருகிறார்கள் என்ற கேள்வி. முதல் வரைவில் தண்ணீருக்காக என்று இருந்தது. நிற்காது. வியாழனின் யூரோப்பா நிலாவில் பனிக்கடியில் பூமியின் கடல்களைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு நீர் இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். சனியின் வளையங்கள் பெரும்பாலும் பனிக்கட்டி. அதையெல்லாம் தாண்டி வந்து, நொடிக்கு 11.2 கிலோமீட்டர் விடுபடு வேகம் (ஈர்ப்பிலிருந்து தப்பத் தேவையான வேகம்) உள்ள பூமியிலிருந்து தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போக எந்தக் காரணமும் இல்லை. தங்கம், இரும்பு என்றாலும் இதே கதைதான், சிறுகோள்களில் கிடைக்கும். மனிதரைத் தின்ன வருகிறார்கள் என்பதும் சரிப்படாது. புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்களில் கண்ணாடி பிம்பம்போல் இடக்கை, வலக்கை என இரண்டு வகை; பூமியின் உயிர்கள் இடக்கை வகையால் ஆனவை. அவர்களுடைய உடல் வலக்கை வகையாக இருந்தால் நம்மைத் தின்று ஒரு பயனும் இல்லை.

சூரியக் குடும்பத்தில் பூமியைத் தவிர வேறெங்கும் கிடைக்காத ஒன்றைத் தேடினோம். காற்று. 21 சதவீத ஆக்ஸிஜன், சுவாசிக்கத் தோதான அழுத்தத்தில். அவர்கள் குடியேற வருகிறார்கள் என்று முடிவானது. அதன் பிறகு கதை தானாக நடக்கத் தொடங்கியது.

நோக்கம்தான் ஆயுதத்தைத் தீர்மானிக்கிறது. கொல்வது மட்டுமே நோக்கம் என்றால் அவர்களுக்குப் படையே வேண்டாம். ஒளிவேகத்தில் 10 சதவீதத்தில் வரும் 1 கிலோ கல்லுக்கு ஏறத்தாழ 108 கிலோடன் வெடிமருந்தின் ஆற்றல் உண்டு. சில டன்னை எறிந்தால் பத்தாம் பக்கத்தில் தொடர் முடிந்தது. ஏன் எறியவில்லை என்று படிப்பவர் கேட்பார், பதில் கதைக்குள் இருந்தாக வேண்டும். எங்கள் கதையில் அவர்களுக்குக் காற்று வேண்டும். தூசியும் புகையும் கிளப்பினால் சூரிய ஒளி குறையும், செடிகொடிகள் சாகும். ஆக்ஸிஜன் உற்பத்தியில் ஏறத்தாழ பாதி கடலின் நுண்பாசிகளிடமிருந்து வருகிறது. அதனால் அவர்கள் காட்டையும் கடலையும் தொடமாட்டார்கள், நகரங்களை மட்டும் அடிப்பார்கள். மனிதர்கள் இதைக் கண்டுபிடித்துக் காட்டுக்குள் போவதுதான் இரண்டாம் தொகுதி. காட்டை நாமே கொளுத்திவிடுவோம் என்று மிரட்டிப் பேரம் பேசலாமா, கூடாதா என்பது ஐந்தாம் தொகுதி. தாய்க்கப்பலை வெடிக்க வைத்தால் எல்லாரும் சுருண்டு விழுவார்கள் என்ற பழைய முடிவைத் தூக்கியெறிந்தபோது பெரிய நிம்மதி. வெற்றிக்கான சாவி முதல் தொகுதியிலேயே கண்ணில் பட வேண்டும். எரிந்துகொண்டிருக்கும் ஒரு வயலின் தீயை ஏலியன் கருவி ஒன்று அணைத்துவிட்டுப் போகும் அமைதியான பேனலை அங்கே வைத்திருக்கிறோம், விளக்கம் எதுவும் இல்லாமல்.

இனி அதிக நேரத்தைத் தின்ற பகுதி: யாருக்கு எது எப்போது தெரியும்? இரண்டாம் தொகுதியில் மலைமேல் இருக்கும் மருத்துவர் ஒருவர், "அவங்க கடற்கரைப் பக்கம் இறங்குறாங்க" என்கிறார். எப்படித் தெரியும்? செயற்கைக்கோள் இல்லை. மின்சாரம் போனபின் செல்போன் கோபுரங்களின் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். ஜிபிஎஸ் நேரம் கிடைக்காவிட்டால் பல நெட்வொர்க்குகள் ஒத்திசைவு இழந்து தடுமாறும். பெட்ரோல் பங்க் பம்புக்கும் மின்சாரம் வேண்டும், ஆகவே வண்டியில் வந்து சொல்லவும் ஆளில்லை. அந்த ஒரு வசனத்தை நம்பி அடுத்த 30 பக்கம் எழுதப்பட்டிருந்தது!

அதன்பின் போட்ட அட்டவணைதான் தொடரைக் காப்பாற்றியது. இடப்பக்கம் அத்தியாயங்கள், மேலே பாத்திரங்களின் பெயர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்றே விஷயம்: புதிதாக என்ன தெரிந்தது, யார் சொன்னது, எந்த வழியில் வந்தது. மூன்றாவது காலியாக இருந்தால் அங்கே ஓட்டை. மருத்துவரின் ஓட்டையை ஒரு ஹாம் ரேடியோக்காரர் (சொந்த வானொலிக் கருவியில் பிறரோடு பேசும் ஆர்வலர்) அடைத்தார். ஒற்றைக் காட்சிக்காக வந்தவர், இப்போது நான்காம் தொகுதிவரை வருகிறார்.

காலண்டரும் அதே அளவுக்கு முக்கியம். கதை நடக்கும் ஆண்டு, மாதம், தேதியை முடிவு செய்யாமல் வரையக் கொடுக்காதீர்கள். மூன்றாம் நாள் இரவில் முழுநிலவு, ஐந்தாம் நாள் இரவில் பிறை என்று வரைந்து வந்துவிட்டது. முழுநிலவு தேய்ந்து மறையவே ஏறத்தாழ 15 நாள் ஆகும். ஒன்பது பேனல் திருத்தம். ஓவியரின் தவறே இல்லை, ஸ்கிரிப்டில் தேதி இல்லை.

செவ்வாயைச் சுற்றும் ஆய்வுக்கலத்தில் இருவர் இருக்கிறார்கள், அவர்கள் பூமியோடு பேச வேண்டும். பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒரு சேதி போய்ச்சேர, கோள்களின் இடத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம்வரை ஆகும். இதுவும் தேதி இல்லாமல் தெரியாது. ஒரே பேனலுக்குள் கேள்விக் குமிழும் பதில் குமிழும் (வசனம் எழுதும் வட்டங்கள்) வைத்தால் உடனடிப் பேச்சு என்றுதான் கண் படிக்கும். ஓரத்தில் "14 நிமிடம் கழித்து" என்று எழுதினாலும் அந்த உணர்வு மாறாது. எனவே "உங்களால் திரும்ப முடியுமா?" என்ற கேள்வியை 22ஆம் பக்கத்தின் கடைசிப் பேனலில் விட்டுவிட்டு, இடையில் எட்டு பக்கம் பூமியில் நடக்கும் ஓட்டத்தைக் காட்டி, பதிலை 31இல் வைத்தோம். நிலாவோடு பேசுவது பரவாயில்லை, ஒரு வழிக்கு 1.3 நொடி. ஒரு மௌனப் பேனல் போதும்.

ஓவியரின் உழைப்பையும் கதைத்திட்டத்திலேயே கணக்கில் எடுக்க வேண்டும். இடிந்த நகரம், ஓடும் கூட்டம், கப்பல் அணிவகுப்பு இவையெல்லாம் பக்கத்துக்கு மூன்று நாள் கேட்கும். தொகுதிக்கு அப்படி 12 பக்கத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தோம். மிச்சத்தில் சராசரி ஐந்து அல்லது ஆறு பேனல், ஒரு குமிழுக்கு 15 சொல்லுக்குள். தமிழில் சொற்கள் நீளம். ஒடுக்கமான குமிழில் "காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள்" போன்ற ஒரு சொல் வந்தால் மூன்றாக உடைந்து அசிங்கமாகிவிடும்.

கடைசியில் வந்ததுதான் மிகவும் எரிச்சலூட்டியது. அச்சகத்தில் மொத்தப் பக்கத்தை ஆரம்பத்திலேயே கேட்டிருந்தோம், "எவ்வளவு வேணும்னாலும் பண்ணலாம்" என்றார்கள். கதை 117 பக்கம், முன்னால் 4, பின்னால் 2, மொத்தம் 123 என்று கொண்டுபோனபோதுதான் ஃபாரத்துக்கு (ஒரே பெரிய தாளில் அச்சடித்து மடிக்கும் பக்கத் தொகுப்புக்கு) 16 பக்கம் என்ற விஷயம் வெளியே வந்தது. 112 அல்லது 128. ஐந்து பக்கம் வெறுமையாக விட மனமில்லை; 11 பக்கத்தை வெட்ட முடிவு செய்தோம். முதல் அத்தியாயத்தில் ஒரு பக்கம், மிச்சம் பத்தும் கடைசிப் பகுதியில்.

அந்த ஒற்றைப் பக்கம் மொத்தத்தையும் தலைகீழாக்கிவிட்டது. இடமிருந்து வலமாகப் படிக்கும் புத்தகத்தில் ஒற்றைப்படைப் பக்கம் வலது, இரட்டைப்படைப் பக்கம் இடது. அதிர்ச்சி எதுவானாலும் தாளைப் புரட்டியதும் கண்ணில் படும் இடப்பக்கத்தில், அதாவது இரட்டைப்படைப் பக்கத்தில் வர வேண்டும். கப்பலின் கதவுக்குப் பின்னால் சத்தம் கேட்பது 37இன் அடியில், கதவு திறப்பது 38இல் என்று திட்டமிட்டிருந்தோம். ஒரு பக்கம் குறைந்ததும் கதவு 37இல், வலப்பக்கத்தில் திறந்துகொண்டது. 36ஐப் படிக்கும்போதே எதிரில் ஏலியன் முகம் தெரிகிறது, சத்தத்துக்கு அர்த்தமே இல்லை. 60-61இல் விரித்திருந்த டபுள் ஸ்பிரெட் (எதிரெதிர் இரண்டு பக்கங்களில் விரியும் ஒரே படம்) 59-60 ஆகி, ஒரே தாளின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் பிளந்து கிடந்தது.

எனவே வெட்டுவதானால் சோடியாக வெட்டுங்கள், சேர்ப்பதானாலும் சோடியாகவே. அதிர்ச்சிப் பக்கங்களை ஸ்கிரிப்டில் சிவப்பில் குறித்து வையுங்கள். வெற்றுத்தாளை மடித்து, பக்க எண் போட்டு, பேனலைக் கிறுக்கி ஒரு டம்மி புத்தகம் செய்து கையால் புரட்டிப் பாருங்கள். பிடிஎஃப் கோப்பைத் திரையில் ஒவ்வொரு பக்கமாக ஓட்டினால் இந்தத் தவறு தெரியவே தெரியாது. எங்களுக்கும் தெரியவில்லை. டம்மியில் எட்டு வயதுக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

முதல் அத்தியாயத்தில் இன்னொரு பக்கத்தையும் எடுத்தோம். அமைச்சரவைக் கூட்டக் காட்சிக்கு நான்கு பக்கம் அதிகம்தான், இரண்டு போதுமாக இருந்தது. பின்பகுதியின் பத்தோடு சேர்த்து மொத்தம் 12 போயிற்று, கதை 105 பக்கமானது. மிஞ்சிய ஒரு பக்கத்தில் கப்பலின் குறுக்குவெட்டுப் படம். ஸ்பிரெட் 58-59இல் ஒட்டிக்கொண்டது. கதவு இப்போது 36இல் திறக்கிறது, தாளைப் புரட்டிய பிறகு.