கடல் அட்டையும் புலியும் ஒரே பட்டியலில்

நாளிதழின் ராமநாதபுரம் பக்கத்தில் அடிக்கடி வரும் செய்தி ஒன்று உண்டு: மண்டபம் பக்கம் கடல் அட்டை பறிமுதல், இத்தனை கிலோ, இருவர் கைது. மூட்டைகளை நடுவில் வைத்து அதிகாரிகள் நிற்கும் படமும் இருக்கும். வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள்: "அட்டையைப் போய் எதுக்குய்யா கடத்துறாங்க?"

இது ரத்தம் குடிக்கிற அட்டை இல்லை. கடல் தரையில் வெள்ளரிக்காய் மாதிரி கிடக்கும். மணலை விழுங்கி, அதிலுள்ள மக்கிய சத்தை எடுத்துக்கொண்டு மணலை வெளியே தள்ளிவிடும். நம் ஊரில் யாரும் இதைச் சாப்பிடுவதில்லை. சீனர்களிடம்தான் இதற்கு விலை.

பெரியத்தா மண்டபத்துக்குப் பக்கத்து வேதாளையில் அட்டை வாடி, அதாவது அட்டையைப் பக்குவம் பண்ணும் கொட்டகை, வைத்திருந்தார். முங்குகிறவர்கள் கொண்டுவரும் வெள்ளை அட்டையைக் கீறிக் குடலை எடுத்துவிட்டு, இரும்புக் கொப்பரையில் வேகவைப்பார்கள். வெந்ததை மணலில் குழி வெட்டிப் புதைத்து, ஈரச் சாக்கு போட்டு ஒரு ராத்திரி விடவேண்டும். மறுநாள் தோண்டியெடுத்துக் காலால் மிதித்தால் மேலே உள்ள சுண்ணாம்புத் தோல் கழன்றுவிடும். அப்புறம் கடல் தண்ணீரில் அலசி, திரும்ப வேகவைத்து, வெயிலில் காயப்போடுவார்கள். ஒரு சாண் நீளத்தில் வந்தது விரல் நீளத்துக்குச் சுருங்கிக் கல்லாகிவிடும். நாற்றம் அடுப்படி வரைக்கும் வரும். பெரியம்மா திட்டாத நாள் கிடையாது.

அந்த வாடிக்குக் குட்டி அட்டையும் வந்தது. 3 அங்குலத்துக்குக் குறைந்ததை ஏற்றுமதி செய்யக்கூடாது என்று 1982-லேயே விதி போட்டாயிற்று. அளவுகோலோடு யார் முங்கினார்கள்? அதனால் 'எங்கள் ஆட்கள் கடலைக் காத்தார்கள், அரசாங்கம் வந்து கெடுத்தது' என்ற கதையை நான் சொல்ல மாட்டேன்.

2001 ஜூலையில் சுறா, கடல் குதிரை, பவளம், அட்டை எல்லாவற்றையும் மத்திய அரசு வனவிலங்குச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. மீனவர்கள் போராடியதில் டிசம்பரில் சுறாப் பட்டியல் சில வகைகளோடு சுருங்கியது. அட்டை மட்டும் ஒரு வகை விடாமல், பிடிக்கவே கூடாத உயிர்களுக்கான முதல் அட்டவணையிலேயே நின்றுவிட்டது, புலியோடு. மாட்டினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

புலி யார் வலையிலும் தானாக ஏறாது. அட்டை ஏறும். இழுவை மடி வலை கடல் தரையை வழித்துக்கொண்டு வரும்போது அதுவும் சேர்ந்து வரும். கரைக்குக் கொண்டுவந்தால் வழக்கு, அங்கேயே வீசிவிட்டால் கேட்பார் இல்லை. அக்கரையில் இலங்கையிலோ உரிமம் வாங்கிச் சட்டப்படி பிடிக்கலாம், யாழ்ப்பாணத்தில் பண்ணையே போட்டிருக்கிறார்கள். இங்கிருந்து ராத்திரியில் போகும் மூட்டை அங்கே கணக்கில் ஏறிவிட்டால் நல்ல சரக்கு. லாபம் கடத்துகிறவருக்கு, வழக்கு முங்கினவனுக்கு.

தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1988-லேயே வெள்ளை அட்டையைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டினார்கள். இங்கேயும் பண்ணைக்கு அனுமதித்தால் கடலில் பிடித்ததைப் பண்ணை அட்டை என்று சொல்லி விற்றுவிடுவார்கள் என்பது எதிர்வாதம். நியாயமான பயம்தான், விற்பார்கள். அதைத் தடுக்க அந்தந்த ஊர்க்காரர்களே காவல் இருந்தால்தான் உண்டு.

இருப்பார்களா? பாம்பன் பக்கம் சின்னப்பாலத்துப் பெண்களைப் பாருங்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்கிக் கடல் பாசி எடுக்கிறவர்கள். அவர்கள் பாசி எடுக்கும் மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-லேயே தேசியப் பூங்காவாகிவிட்டதால் வனத்துறையோடு எப்போதும் இழுபறி. அப்படியிருந்தும் மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்தார்கள். அவர்களில் லட்சுமி என்பவருக்கு 2015-இல், தீவுகளின் இயற்கையைக் காக்கும் அமெரிக்க அமைப்பு ஒன்று தரும் சீகாலஜி விருது கிடைத்தது.

அட்டைக்கும் இப்படி ஒரு ஏற்பாட்டைப் பேசிப் பார்க்கலாம்: இனப்பெருக்க மாதங்களில் நிறுத்தம், ஒரு குறைந்தபட்ச அளவு, ஊருக்கு இத்தனை என்ற வரம்பு. முதலில் முங்குகிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். அப்படி ஒரு கூட்டம் நடந்தால் பெரியத்தாவை நானே அழைத்துப்போவேன். எந்த மாதத்தில் எவ்வளவு சரக்கு, எந்த அளவில் வந்தது என்று அவர் எழுதிவைத்த நோட்டுகள் இன்னும் பரணில் கிடக்கின்றன.