நிவாரண முகாமில் நாங்கள் தங்க முடியுமா? ஊத்தங்கரைப் பகுதியில் ஓர் ஆய்வு அனுபவம்

2024 டிசம்பர் முதல் தேதி இரவு ஃபெஞ்சல் புயலின் மிச்சம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊத்தங்கரையில் கொட்டித் தீர்த்ததில், ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. நிறுத்தியிருந்த வாகனங்கள் வெள்ளத்தில் உருண்டு போன காட்சியைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. தாழ்வான தெருக்களில் இருந்தவர்களைப் பள்ளிகளுக்கும் மண்டபங்களுக்கும் போகச் சொன்னார்கள். பின்னர் எங்கள் மாற்றுத்திறனாளி நண்பர்களிடம் விசாரித்தபோது, அந்த இரவில் முகாமுக்குப் போனவர்களைவிடப் போகாமல் வீட்டிலேயே இருந்தவர்கள்தாம் அதிகம் என்பது தெரிய வந்தது. தண்டுவடம் பாதிக்கப்பட்ட நண்பர் ஒருவர் காரணத்தை ஒளிவில்லாமல் சொன்னார்: "அங்கே போனால் கழிப்பறைக்கு என்ன செய்வது என்று தெரியாது, அண்ணா. வீட்டில் இருந்தால் தண்ணீர்தான் வரும்."

இளம்பிள்ளை வாதத்தால் இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டு, காலிப்பரும் (காலைத் தாங்கும் உலோகச் சட்டம்) ஊன்றுகோல்களுமாக நடப்பவன் நான். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, எங்கள் பகுதியில் முகாம் என்று குறிக்கப்பட்டுள்ள கட்டடங்களை நாங்களும் சேர்ந்து பார்வையிட வேண்டும் என்று கேட்டு, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுத்தோம். உதவி கேட்கும் மனுவாக அதை எழுதக் கூடாது என்பதில் கவனமாக இருந்தோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 8 பேரிடர் காலத்தில் எங்களுக்குச் சமமான பாதுகாப்பை உறுதி செய்கிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2019இல் இதற்கெனத் தனி வழிகாட்டு நெறிமுறைகளையே வெளியிட்டுள்ளது. இந்த இரண்டையும் மனுவின் முதல் பத்தியிலேயே எழுதியதால், அது நல உதவி மனுக்களின் கட்டுக்குள் போகாமல் பேரிடர்ப் பணியைக் கவனிக்கும் பிரிவுக்குப் போனது. அங்கிருந்து கூட்டு ஆய்வுக்கு உத்தரவு வருவதற்குள் நினைவூட்டல் கடிதங்கள் எழுத வேண்டியிருந்தது என்பதைத் தவிர, அந்தக் கட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

ஆய்வுக் குழுவில் கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சிச் செயலர், பள்ளித் தலைமை ஆசிரியை ஆகியோருடன் எங்கள் தரப்பில் சக்கர நாற்காலியில் இயங்கும் ஒருவர், பார்வையற்ற ஒருவர், ஆட்டிசம் உள்ள சிறுவனின் தாய், நான் என நால்வர் இருந்தோம். செவித்திறன் அற்ற தம்பதியர் பின்னர் இணைந்தார்கள். கையில் கொண்டு போனவை இஞ்ச் டேப், நான்கடி நீளமுள்ள நேரான பலகை, தளம் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனாரிடம் இரவல் வாங்கிய ரசமட்டம், டார்ச் விளக்கு, நோட்டுப் புத்தகம் ஆகியவை மட்டுமே.

கடலோர மாவட்டங்களில் புயல் காலத்துக்கென்றே கட்டிய பாதுகாப்பு மையங்கள் உண்டு. கிருஷ்ணகிரி போன்ற உள்மாவட்டத்தில் முகாம் என்பது எப்போதும் இரவல் கட்டடம்தான்: பள்ளி, சமுதாயக் கூடம், கல்யாண மண்டபம். வேறொரு பயன்பாட்டுக்காகக் கட்டிய இடத்தில், இரவு நேரத்தில், மின்சாரம் இல்லாமல், நனைந்த மனிதர்கள் வந்து சேரப்போகிறார்கள் என்ற நினைப்போடுதான் அதை அளக்க வேண்டும். வெயில் அடிக்கும் முற்பகலில் போய், வாசலில் சாய்தளம் இருக்கிறதா என்று பார்த்துப் படிவத்தில் 'ஆம்' என்று எழுதிவிட்டு வருவது ஆய்வாகாது என்று எங்கள் பார்வையற்ற நண்பர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

முதலில் பார்த்த பள்ளியில் அப்படியொரு 'ஆம்' ஏற்கெனவே பதிவேட்டில் இருந்தது. தரைமட்டத்திலிருந்து இரண்டரை அடி உயரமான அடித்தளம். அதற்கு ஏறும் சாய்தளத்தின் நீளம் பத்தடி. ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பது விதி. அப்படியானால் இரண்டரை அடிக்கு முப்பதடி வேண்டும். பலகையின் மேல்முனையைச் சாய்தளத்தில் ஊன்றி, ரசமட்டம் வைத்து நேர்ப்படுத்தினால், கீழ்முனைக்கும் தளத்துக்கும் இடையே நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது; அங்கே பன்னிரண்டு அங்குலம் இருந்தது. நண்பர் சக்கர நாற்காலியில் ஏறிக் காட்ட முயன்றபோது பின்னோக்கிச் சரிந்தார், ஊராட்சிச் செயலர் தாங்கிப் பிடித்தார். அதன் பிறகு பலகைக் கணக்கை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு சிக்கல் உண்டு. அதற்கு எளிதான விடை கிடையாது. வெள்ளத்துக்குப் பயந்து அடித்தளத்தை உயர்த்த உயர்த்த, கட்டடம் தண்ணீரிலிருந்து பத்திரமாகிறது. எங்களுக்கு எட்டாமலும் போகிறது. அதே ஊரில் படியே இல்லாத ஒரு சமுதாயக் கூடத்தையும் பார்த்தோம். நுழைவதற்கு அருமையான இடம். ஆனால் உட்சுவரில் முழங்கால் உயரத்துக்கு 2024 வெள்ளத்தின் கறை அழியாமல் இருந்தது. அந்தக் கூடத்தைப் பட்டியலிலிருந்தே நீக்கச் சொன்னவர்கள் நாங்கள்தான். கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் இருந்தது, மேற்கத்திய கழிப்பறையும் இருந்தது. ஆனால் கீழே சாப்பாட்டுக் கூடம், மேலே மணமேடைக் கூடம், லிஃப்ட் இல்லை. ஆக்சிஜன் கருவியோ நெபுலைசரோ வேண்டியவர்களுக்கு மின்சாரம்தான் உயிர் என்பதால் அதை முழுமையாக ஒதுக்கவும் மனமில்லை. அவர்களுக்கு மட்டும், தண்ணீர் ஏறாத வரையில், கீழ்க்கூடம் என்று நிபந்தனையோடு எழுதினோம். முழுமையான கட்டடம் என்று எதையும் நாங்கள் பார்க்கவில்லை. யாருக்கு எது பொருந்தும் என்று பிரித்து எழுதியதே இந்த ஆய்வில் உருப்படியான வேலை என்பது என் கருத்து.

கதவுகள் பெரும்பாலும் இரட்டைக் கதவுகள். ஒரு பக்கத்துக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டு மறந்திருப்பார்கள். ஒற்றைப் பக்கம் திறந்தால் இரண்டடி வழிதான் கிடைக்கிறது, வேண்டியது 900 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய மூன்றடி. துருப்பிடித்த தாழ்ப்பாள்களுக்கு எண்ணெய் விட்டதிலேயே பாதிக் குறை தீர்ந்தது. இடவசதிக் கணக்கு அத்தனை எளிதாக இல்லை. ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் என்பது தேசியக் குறைந்தபட்ச அளவு. இருபதுக்கு இருபது அடி வகுப்பறையில் பத்துப் பேர்தான் தங்கலாம். பதிவேட்டிலோ அறைக்கு நாற்பது பேர் என்றிருந்தது. நாற்பது பாய்கள் விரித்த அறையில் சக்கர நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம் எங்கே கிடைக்கும்? அறை எண்ணிக்கையை உயர்த்துவது எங்கள் கையில் இல்லை. ஆகவே கதவை ஒட்டிய இரண்டு அறைகளை எங்களுக்கும், உடன் வருபவர்களுக்கும், முதியவர்களுக்கும் என்று முன்கூட்டியே ஒதுக்கக் கேட்டோம். குடும்பத்தைப் பிரித்து எங்களை மட்டும் தனியே போடுவதற்கு உடன்படவில்லை.

கழிப்பறைதான் நாங்கள் அதிக நேரம் நின்ற இடம். பள்ளியில் சிறப்புத் தேவையுடைய மாணவர்களுக்கென்று ஒரு கழிப்பறை கட்டியிருந்தார்கள். உள்ளே பிளீச்சிங் பவுடர் மூட்டைகளும் உடைந்த பெஞ்சுகளும் கிடந்தன. தலைமை ஆசிரியை சங்கடத்தோடு, "பயன்படுத்துகிற பிள்ளை இப்போது யாரும் இல்லை சார், அதனால்தான்" என்றார். மூட்டைகளை எடுத்த பின் பார்த்தால், பீங்கானின் உயரம் சிறுவர்களுக்கானது. கதவு உட்புறமாகத் திறந்ததால் நாற்காலியோடு உள்ளே போனவர் கதவைச் சாத்த முடியாது. கீலை மாற்றிக் கதவை வெளிப்புறம் திறக்க வைப்பதும், சுவரில் போல்ட் போட்டுக் கைப்பிடி பொருத்துவதும் உள்ளூர் வெல்டிங் கடைக்காரருக்குச் சின்ன வேலை. உயரத்துக்கு, 450 முதல் 480 மில்லிமீட்டர் வரை இருக்கை அமையுமாறு, நடுவில் திறப்புள்ள கழிப்பறை நாற்காலியை மேலே வைக்கலாம் என்று முடிவானது. சாவி யாரிடம் என்ற கேள்வியைப் படிவத்தில் நாங்களே ஒரு வரியாகச் சேர்த்தோம். நள்ளிரவில் சாவி வைத்திருப்பவர் வேறு ஊரில் இருந்தால் மற்ற அளவுகள் எல்லாம் வீண்.

வகுப்பறைக்கும் கழிப்பறைக்கும் இடைப்பட்ட திறந்த வெளியை, ஒரு மழை ஓய்ந்த மாலையில், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நடந்து பார்த்தோம். செம்மண்ணில் என் ஊன்றுகோல் முனை பிடுங்க முடியாத அளவுக்குப் புதைந்தது. பாதை போட ஊராட்சிச் செயலர் உடனே ஒரு வழி சொன்னார்: பர்கூர்ப் பக்கத்துப் பட்டறைகளில் கிரானைட் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும், அதைப் பதித்துவிடலாம். எங்கள் மாவட்டத்துக்கே உரிய யோசனைதான். ஆனால் மெருகேற்றிய கிரானைட் நனைந்தால் ஊன்றுகோலுக்கு எண்ணெய் தடவிய தட்டு. மெருகேறாத, சொரசொரப்பான கல்லாக இருக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம். பாதையின் ஒரு பக்கமாக இடுப்புயரத்தில் கயிறு கட்டினால் போதும், யார் கையையும் பிடிக்காமல் போய் வருவேன் என்றார் பார்வையற்ற நண்பர். ஆகும் செலவு நூறு ரூபாய்க் கயிறு.

செவித்திறன் அற்ற தம்பதியர் வந்து சேர்ந்தபோது கேட்டது கட்டடத்தைப் பற்றியே அல்ல. ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு ஆட்டோ தெருவில் போனால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? அடுத்த வீட்டுக்காரர் பெயரைப் பதிவேட்டில் எழுதி, அவர் போய் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு எழுப்புவது என்றும், வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி அனுப்புவது என்றும் ஏற்பாடானது. அந்தப் பதிவேடே உதவித்தொகை பெறுவோர் பட்டியலிலிருந்து எடுத்ததாக இருந்ததால், இவர்கள் பெயர் அதில் இல்லை. அந்தச் சிறுவன் பெயரும் இல்லை. கிராம நிர்வாக அலுவலர் மறுப்பேதும் சொல்லாமல் எங்களோடு தெருத்தெருவாக வந்து பெயர்களைச் சேர்த்தார். யாரைத் தூக்க இருவர் வேண்டும், யாருக்கு இன்சுலின் குளிர்ச்சியில் இருக்க வேண்டும், யாருடைய சக்கர நாற்காலியை டிராக்டரில் அவரோடேயே ஏற்ற வேண்டும் என்ற குறிப்புகளும் சேர்ந்தன. ஆளை மட்டும் ஏற்றிக்கொண்டு நாற்காலியை வீட்டிலேயே விட்டுவிடுவது மீட்புப் பணியில் வழக்கமாக நடப்பது.

சிறுவனின் தாய் கேட்டது ஓர் அமைதியான அறை. கூட்டமும் சத்தமும் அவனுக்குத் தாங்காது. வெளியே ஓடினால் இருட்டில் தேட முடியாது. ஆய்வகத்துக்குப் பக்கத்தில் இருந்த சிறிய அறையைத் தலைமை ஆசிரியை காட்டினார். உள்தாழ்ப்பாள் மேலே இருக்கிறதா, ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறதா என்று அந்தத் தாய் தாமே சரிபார்த்துக்கொண்டார்.

அறிக்கை போன பிறகு பள்ளிக் கழிப்பறையின் கதவும் கைப்பிடியும் முடிந்தன, கற்பாதை பாதிவரை வந்துள்ளது. முப்பதடி சாய்தளத்துக்கு நிதி ஒதுக்கீடு வரவில்லை. அதுவரை சமாளிக்க, வழுக்காதபடி மேடு வரிகள் உள்ள செக்கர்டு தகட்டில், மூன்று துண்டுகளாக இணைக்கும்படி, ஓர் இரும்புச் சாய்தளம் செய்ய ஊராட்சியில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அதைப் பள்ளியிலேயே வைத்தால் பிள்ளைகள் ஏறி விளையாடுவார்கள் என்கிறது ஒரு தரப்பு. ஊராட்சி அலுவலகத்தில் வைத்தால் வெள்ளத்தில் சாலை தாண்டி எடுத்து வர முடியாது என்பது எங்கள் வாதம். அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு இந்த ஒரு பொருளை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.