மக்கு வெடிக்கவில்லை

நான் போடும் தஞ்சாவூர் ஓவியத்தில், வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணனுக்கு மக்கு வேலை முடிந்தது. மக்கு என்பது சுண்ணப் பொடியும் பிசினும் குழைத்த பசை, படத்தில் புடைப்பாக நிற்பதெல்லாம் அதுதான். தூண், வளைவு, மாலை, முத்துவரிசை எல்லாம் முழுதாகக் காய்ந்துவிட்டன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் ஒரு கீறல் இல்லை. கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பலகை, துணி, சுண்ணப் பூச்சு, தேய்ப்பு எல்லாம் தஞ்சாவூர் ஓவியம் போடுகிறவர்களுக்குத் தெரிந்ததே. என் தொல்லை பதம்தான். பிசின் குறைந்தால் காய்ந்தபின் மக்கு உதிர்கிறது. கூடினால் காயும்போதே இழுத்து வெடிக்கிறது. அளவுக் கரண்டியை நம்பிப் பயனில்லை, பொடி பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறுகிறது. தூரிகை நுனியில் மக்கு திரண்டு நிற்க வேண்டும், சொட்டக்கூடாது. பலகையில் தொட்டுத் தூக்கினால் புள்ளி தானாக உருண்டு உட்கார வேண்டும். வால் நீட்டிக்கொண்டு நின்றால் இரண்டு துளி நீர். பரந்து படுத்தால் இன்னும் கொஞ்சம் பொடி. உயரத்தை ஒரே பூச்சில் எழுப்ப ஆசைப்படாமல், மெல்லிய பூச்சாக ஏற்றி, ஒவ்வொன்றையும் காற்றுப்படாமல் காயவிட்டேன். மின்விசிறிக்குத் தடை. வீட்டில் எல்லோரும் வியர்த்து வழிந்தபடி என்னைத் திட்டினார்கள். கிருஷ்ணன் என்பதால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் எடுத்த பலகை இது. தொகை ஒத்துவராத நாளில், படுத்த பின்னும் தலைக்குள் கூட்டல் ஓடிக்கொண்டே இருக்கும். நடைப்பயிற்சி உதவவில்லை, நடந்துகொண்டே கூட்டலாம். முத்துவரிசை வைத்துக்கொண்டே கூட்ட முடியாது, அடுத்த முத்து பெருத்துவிடும். இடது தூணின் அடியில் முத்துகள் பெரிதும் சிறிதுமாக இருக்கின்றன. மேலே போகப் போகச் சீராகின்றன. சுரண்டிவிட்டு மறுபடி வைக்கச் சொல்கிறார் சொல்லிக்கொடுக்கும் அம்மா. மக்கின்மேல் ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, ஒட்டினால் அந்தக் கோணல் இன்னும் எடுப்பாகத் தெரியுமாம். தெரியட்டும்.

அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் 39 பேரிடம் களிமண், வண்ணப் பேனா போன்றவற்றைக் கொடுத்து, 45 நிமிடங்கள் விருப்பப்படி எதையாவது செய்யவிட்டு, முன்னும் பின்னும் உமிழ்நீரைச் சோதித்தார்கள். 2016-இல் வெளியான அந்த ஆய்வில் சுமார் 75 சதவீதம் பேருக்கு, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் என்ற ஹார்மோன் குறைந்திருந்தது. முன்பே வரைந்து பழகியவர்களுக்கும் புதியவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. குறையாதவர்களில் பலருக்குக் கார்ட்டிசால் ஏறியிருந்ததாம். அவர்கள் கையில் யாரோ மக்கைக் கொடுத்திருக்க வேண்டும்!

மன அமைதிக்கு ஓவியம் என்று, எண்ணுக்கேற்ற வண்ணம் நிரப்ப எண்போட்ட கட்டங்களை விற்கிறார்களே, அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கட்டத்தை நிரப்பும்போது கை ஒரு பக்கம், கவலை ஒரு பக்கம். எதிர்த்து நிற்கிற வேலைதான் என்னைப் பிடித்து உட்காரவைக்கிறது. அதற்காக மக்கை மருந்தாக்கவும் மாட்டேன். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போனவர் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். படம் முடிந்து பூஜையறையில் ஏறினால் பார்க்கிறவர்களுக்கு அழகு. எனக்குக் கிடைக்க வேண்டியது, மக்கு வெள்ளையாக நிற்கும் இந்த நிலையிலேயே கிடைத்துவிட்டது.

ரேக்கு இன்னும் வாங்கவில்லை. 22 காரட் ரேக்கு தங்கத்தின் விலையைத் துரத்திக்கொண்டு ஏறுகிறது. மலிவு ரேக்கு ஒருநாள் கறுத்துவிடும். இவ்வளவு பாடுபட்ட மக்கின்மேல் அதை ஒட்ட மனம் வரவில்லை. வழக்கமாக வாங்கும் கடையில் தாளை எண்ணித்தான் விற்பார்கள், ஓரம் கிழிந்ததையும் சேர்த்தே எண்ணுவார்கள். இந்த முறை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கப்போகிறேன்.

இதற்கிடையில் தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தில் ஆசை விழுந்துவிட்டது. கண்ணாடியின் பின்பக்கத்தில் வரைந்து முன்பக்கத்திலிருந்து பார்ப்பதால் அங்கே எல்லாம் தலைகீழ்: கண்ணும் நகையும் முதலில், உடல் நிறம் பிறகு, பின்னணி கடைசியில். மக்கு கிடையாது. வீட்டில் இதைச் சொன்னதும் முதலில் கேட்ட கேள்வி, விசிறி போடலாமா என்பதுதான். ஒரு பழைய சட்டத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்து வைத்திருக்கிறேன். கிருஷ்ணனுக்கோ இன்னும் கண் திறக்கவில்லை.