பைக்கை 35 கிலோவாட்டுக்குள் அடக்குவது: பட்டறைக் குறிப்பேடு

மார்ச் 3, 2025, திங்கள்

பிரிட்டனில் ஏ2 உரிமம் (முழு உரிமத்துக்கு முந்தைய இடைநிலை பைக் உரிமம்) வைத்திருப்பவர் ஓட்டும் பைக்குக்கு மூன்று வரம்புகள். இன்ஜினின் அதிகபட்ச சக்தி 35 கிலோவாட், அதாவது சுமார் 47 பிஎச்பி (குதிரைத்திறன்). கிலோ எடைக்கு 0.2 கிலோவாட்டுக்கு மேல் கூடாது. மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை: கட்டுப்படுத்துவதற்கு முன் அந்த பைக்கின் சக்தி இப்போதைய சக்தியைப் போல இரண்டு மடங்கைத் தாண்டியிருக்கக் கூடாது. 35-க்கு இறக்க வேண்டுமானால் மூல சக்தி 70 கிலோவாட்டுக்குள் இருந்தாக வேண்டும். 100 கிலோவாட் பைக்கை 35-க்குக் கொண்டுவர முடியும், ஆனால் அது ஏ2 பைக் ஆகாது.

ஹோண்டா சிபி650ஆர் சரியாக 70 கிலோவாட்டில் நிற்பதும், கவாசாகி இசட்900-க்குத் தனியாக ஒரு 70 கிலோவாட் பதிப்பு இருப்பதும் இந்த விதியால்தான்.

எடைக் கணக்கு கனமான பைக்குகளுக்குத் தொல்லை தராது. 175 கிலோவுக்குக் கீழே போனால்தான் சிக்கல். 160 கிலோ பைக் என்றால் வரம்பு 32 கிலோவாட். பெரிய ஒற்றை சிலிண்டர் சூப்பர்மோட்டோவை (சாலை டயர் போட்ட, எடை குறைந்த மண்பாதை வகை பைக்) 35-க்கு இறக்கிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர் இங்கேதான் சறுக்குவார்.

மார்ச் 5, புதன்

கார்புரேட்டர் வைத்த பழைய சுசுகி எஸ்வி650. இதற்குத் தகடுதான் வழி. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே, இன்டேக் ரப்பருக்குள், சிறு துளையிட்ட வாஷர். சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு.

டேங்க், ஏர் பாக்ஸ், ஆக்சிலேட்டர் கேபிள்கள், சோக் கேபிள், பெட்ரோல் குழாய் என்று வரிசையாகக் கழற்றிய பிறகு, கிளாம்ப்களைத் தளர்த்தி இரு கார்புரேட்டர்களையும் ஒன்றாக மேலே இழுக்க வேண்டும். ரப்பர் பழையதாக இருந்தால் விரலால் வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெடிப்புள்ள ரப்பரில் தகடு வைப்பது வீண் வேலை. திறந்த இன்டேக் வாயில் சுத்தமான துணி. ஒரு ஸ்க்ரூ உள்ளே விழுந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

தகடு ரப்பரின் உட்படியில் தட்டையாக உட்கார வேண்டும். கார்புரேட்டர் வாய் அதன்மேல் அழுந்த வேண்டும். சாய்ந்து உட்கார்ந்தால் அதிர்வில் ஆடும், ஓரம் தேயும், கடைசியில் வால்வு வழியாக உள்ளே போகும்.

துளையை லேத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் கேட்கிறார்கள். துளையில் 20 மில்லிமீட்டருக்கும் 21-க்கும் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் பரப்பு 10 சதவீதம் கூடிவிடும். அந்த மாடலுக்கென்றே அளந்து செய்த கிட்டை வாங்குவதே நல்லது.

மார்ச் 6, வியாழன்

நேற்று மாட்டியதை இன்று ஓடவிட்டுச் சோதனை. ஐடில் ஏறி இறங்கினால், அல்லது ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்க மறுத்தால், எங்கோ காற்று கசிகிறது. எரியக்கூடிய ஸ்ப்ரேயைச் சூடான சைலன்சர் பக்கத்தில் அடிக்காதீர்கள். தண்ணீரை மெல்லிய தூறலாக ரப்பர் இணைப்புகளில் தெளித்தாலே போதும். கசியும் இடத்தில் தண்ணீரை உறிஞ்சும்போது இன்ஜின் தடுமாறும்.

மார்ச் 11, செவ்வாய்

ஃப்யூயல் இன்ஜெக்ஷன் பைக்கிலும் இதே தகட்டை வைத்தால் என்ன? வைக்கக் கூடாது. காரணம் இதுதான்.

கார்புரேட்டர் தன் வழியே போகும் காற்றைப் பொறுத்துப் பெட்ரோல் விடும். கீழே தகடு மறித்தால் காற்று குறையும், பெட்ரோலும் கூடவே குறையும். பல இன்ஜெக்ஷன் பைக்குகளிலோ, ஆக்சிலேட்டரை நன்றாகத் திருகிய நிலையில், ஈசியு (இன்ஜினை நடத்தும் கணினி) பார்ப்பது இரண்டு விஷயங்களைத்தான்: பட்டர்ஃபிளை (காற்று வழியைத் திறந்து மூடும் வட்ட வால்வு) எவ்வளவு திறந்திருக்கிறது, ஆர்பிஎம் எவ்வளவு. பட்டர்ஃபிளை முழுசாகத் திறந்திருக்கிறது, ஆகவே முழுப் பெட்ரோல் என்று அது ஊற்றும். தகடு மறித்ததால் காற்றோ பாதிதான். பிளக் கறுக்கும், மைலேஜ் விழும், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய் அதைச் சுட்டுக் கெடுக்கும்.

அதனால் இதில் பட்டர்ஃபிளையையே முழுசாகத் திறக்கவிடாமல் நிறுத்த வேண்டும். கேபிள் இழுக்கும் சக்கரத்தில், திராட்டில் பாடி (பட்டர்ஃபிளை இருக்கும் குழாய்) பக்கத்தில், ஒரு தடுப்புத் துண்டு. சென்சார் உண்மையான திறப்பைப் பார்ப்பதால் பெட்ரோல் கணக்கு பிசகாது.

தடுப்பைக் கைப்பிடி பக்கம் வைப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கேபிளைச் சரிசெய்யும் நட்டைத் திருகினாலே திறப்பு மாறிவிடும்.

மாட்டும்போது பெயின்ட் புள்ளி வைத்த ஸ்க்ரூக்களைத் தொடாதீர்கள். அவை திராட்டில் பாடிகளைச் சமன்படுத்த ஃபேக்டரியில் வைத்தவை. மாட்டி முடித்ததும் கைப்பிடியில் 2 முதல் 3 மில்லிமீட்டர் தளர்வு இருக்கிறதா, கையை விட்டதும் சட்டென்று மூடுகிறதா என்று பார்க்கவும். ஐடிலில் ஹேண்டில்பாரை இடது கோடியிலிருந்து வலது கோடிவரை திருப்பும்போது ஆர்பிஎம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. அதைச் சரிசெய்யாமல் பைக் வெளியே போகக் கூடாது.

மார்ச் 14, வெள்ளி

“பைக் செத்துப்போகுமா?” என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. கணக்கைப் பார்க்கலாம். டார்க்கை (இன்ஜினின் திருகுவிசை, நியூட்டன் மீட்டரில்) ஆர்பிஎம்மால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட். 65 நியூட்டன் மீட்டர் தரும் 700 சிசி இரட்டை சிலிண்டர், 35 கிலோவாட்டைத் தொடுவது சுமார் 5,140 ஆர்பிஎம்மில். அதுவரை எதையும் குறைக்கத் தேவையே இல்லை. அதற்கு மேலேதான் டார்க்கைப் படிப்படியாகக் கீழே கொண்டுவர வேண்டும்.

பட்டர்ஃபிளை தடுப்பு கிட்டத்தட்ட இதைத் தானாகவே செய்கிறது. 45 டிகிரி திறப்பில் காற்றுக்குக் கிடைக்கும் வழி முழுத் திறப்பில் 30 சதவீதத்துக்கும் குறைவு. 60 டிகிரியில் பாதி. 3,000 ஆர்பிஎம்மில் இன்ஜின் கேட்கும் காற்று குறைவு, அந்தச் சந்தே போதும். 8,000-த்தில் போதாது. நகர நெரிசலில் வித்தியாசம் தெரியாது, மேலே போகும்போது மூச்சுமுட்டும்.

காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப்படி ஏறும். ஆகவே 55 கிலோவாட்டை 35 ஆக்கினால் உச்ச வேகம் சுமார் 14 சதவீதம்தான் குறையும். மணிக்கு 70 மைல் மோட்டார்வேயில் தாராளமாகப் போகலாம்.

ஆஸ்திரேலியாவில் கதை வேறு. அங்கே புது ரைடருக்கு 660 சிசி உச்சவரம்பு, டன்னுக்கு 150 கிலோவாட், அதில் ரைடருக்கென 90 கிலோவையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அதற்காக யமஹா எம்டி-07-இன் சிலிண்டர் விட்டத்தை 80-லிருந்து 78 மில்லிமீட்டராக்கி 655 சிசியில் நிறுத்தியது. அந்த பைக்கைப் பிற்பாடு ‘திறந்துவிட’ வழியே இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

கேபிள் இல்லாத, ரைடு-பை-வயர் பைக்: கைப்பிடியின் திருகலை மின்சிக்னலாக ஈசியு வாங்கி, அதுவே பட்டர்ஃபிளையைத் திறக்கும். இங்கே ஸ்பானருக்கு வேலையில்லை. டீலர் தன் டயக்னாஸ்டிக் கருவியால் 35 கிலோவாட் மேப்பை (ஈசியு பின்பற்றும் அட்டவணை) ஏற்றித் தருவார். மேலே சொன்ன கணக்கை இது இன்னும் நயமாகச் செய்யும்.

டைனோவில் (சக்தியை அளக்கும் உருளை மேடை) ஏற்றிப் பார்ப்பவர்களுக்கு ஒன்று: டைனோ அளப்பது பின்சக்கரச் சக்தி, சட்டம் பேசுவது இன்ஜின் சக்தி. நடுவில் கியரும் செயினும் 10 முதல் 15 சதவீதத்தைத் தின்றுவிடும். பின்சக்கரத்தில் 30 முதல் 31 கிலோவாட் காட்டினால் சரி. பின்சக்கரத்திலேயே 35 வந்தால் வரம்பு தாண்டிவிட்டது.

இந்தத் தலைவலி எதுவும் வேண்டாம் என்பவர்களுக்குச் சென்னையை அடுத்த ராயல் என்ஃபீல்டு ஆலைகளிலிருந்து வரும் இன்டர்செப்டர் 650 இருக்கிறது. பிறக்கும்போதே சுமார் 47 குதிரைத்திறன், எடை 200 கிலோவுக்கு மேல்.

மார்ச் 22, சனி

காகிதம். கட்டுப்படுத்திய பைக்கில் ஏ2 தேர்வுக்குப் போனால், டீலரோ இறக்குமதியாளரோ இந்த வேலையில் பெயர்பெற்ற நிறுவனமோ தன் லெட்டர்ஹெட்டில் தந்த சான்று வேண்டும். அதில் நம்பர் பிளேட் எண் இருக்க வேண்டும். அந்த எண்ணில் ஓர் எழுத்து தவறினாலும் தேர்வு நடக்காமல் போகலாம், வாங்கும்போதே சரிபாருங்கள்.

இன்சூரன்ஸுக்கும் எழுதிச் சொல்ல வேண்டும், மாட்டும்போதும் கழற்றும்போதும். கிட்டைக் கழற்றிவிட்டு ஏ2 உரிமத்தில் ஓட்டிப் போலீசில் சிக்கினால் எல்சி20 (உரிமத்துக்கு மீறி ஓட்டிய குற்றத்தின் குறியீடு), உரிமத்தில் 3 முதல் 6 தண்டப் புள்ளி. இன்சூரன்ஸும் செல்லாது என்றானால் ஐஎன்10 (இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம்), 6 முதல் 8 புள்ளி. முதல் உரிமம் வாங்கி இரண்டு ஆண்டுக்குள் 6 புள்ளி சேர்ந்தால் உரிமமே ரத்து.

மார்ச் 29, சனி

ஏ2 உரிமம் வாங்கி இரண்டு ஆண்டு முடிந்ததும் தானாக முழு உரிமம் வந்துவிடாது. பிரிட்டனில் இரண்டு செய்முறைத் தேர்வுகளையும் மறுபடி எழுத வேண்டும், அதுவும் குறைந்தது 595 சிசி, 50 கிலோவாட் பைக்கில். கட்டுப்படுத்திய சொந்த பைக் அதற்கு உதவாது. தேர்வுக்கு முன்பே திறந்துவிட்டுப் பழகலாம் என்றால் எல் பிளேட்டும், ரேடியோ தொடர்பில் இன்னொரு பைக்கில் வரும் அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளரும் வேண்டும். பெரும்பாலானோர் பயிற்சிப் பள்ளியின் பைக்கிலேயே தேர்வை முடித்துவிட்டு, உரிமம் கையில் வந்த பிறகுதான் கிட்டைக் கழற்ற வருகிறார்கள்.

தகடு எடுத்த எஸ்வி650-க்குக் கார்புரேட்டரை வாக்குவம் கேஜ் வைத்து மறுபடி சமன்படுத்த வேண்டும். இன்டேக் ரப்பரில் தகடு பதிந்த தடம் ஆழமாக இருந்தால் ரப்பரை மாற்றிவிடுங்கள், பழைய கிளாம்ப்களையும் சேர்த்து.