பறவையா காய்ச்சலா: கிலிஃபி நாட்குறிப்பு, 2022

ஏப்ரல் 4, திங்கள்

நெறிமுறைக் குழுவின் கடிதம் இன்றும் வரவில்லை. இறந்த பிள்ளைகளின் மரணக் காரணத்தை வீட்டாரிடம் திரும்பிப் போய்ச் சொல்ல அனுமதி கேட்டிருந்தேன்.

ஏப்ரல் 5, செவ்வாய்

பெட்ரோல் இல்லை என்று காலையிலேயே ஓட்டுநர் கைவிரித்துவிட்டார். கிலிஃபியில் மட்டுமில்லை, கென்யா முழுக்க இதே பாடுதான். பங்க்கில் 'போடா போடா' எனப்படும் வாடகை பைக்காரர்கள் கேனும் கையுமாக நிற்கிறார்கள், பாதிப் பேர் நோன்போடு, எச்சில்கூட விழுங்காமல். மூன்று வீடுகளுக்குப் போவது தள்ளிப்போயிற்று.

அறையிலேயே உட்கார்ந்து, பிள்ளை எப்படி இறந்தது என்று வீட்டாரிடம் கேட்கும் படிவத்தைத் திரும்பவும் படித்தேன். காய்ச்சல் இருந்ததா? எத்தனை நாள்? வலிப்பு வந்ததா? கழுத்து விறைத்ததா? ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம்: ஆம், இல்லை, தெரியாது, சொல்ல மறுத்தார். அம்மாக்கள் சொல்வது எந்தக் கட்டத்திலும் அடங்குவதில்லை.

ஏப்ரல் 7, வியாழன்

வண்டி கிடைத்தது. ஊர்ப்பெயரை இங்கே எழுத மாட்டேன். கான்ஸே என்ற சிற்றூருக்கும் உள்ளே தள்ளி, சிவப்பு மண். போன பருவத்து மக்காச்சோளத் தட்டை மாடுகூட வாய்வைக்காத பதத்தில் காய்ந்து நிற்கிறது. இந்தப் பருவத்துக்கு விதை போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வழியெல்லாம் மஞ்சள் கேன்களை உருட்டிக்கொண்டு போகும் சிறுமிகள். பொந்தன்புளி மரங்கள்: எங்கள் ராமநாதபுரம் பக்கம் ஒன்றிரண்டுதான் உண்டு, வேடிக்கை பார்க்கப் போவோம். இங்கே வேம்பு மாதிரி எங்கும் நிற்கின்றன.

என்னோடு வந்து மொழிபெயர்ப்பவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். முற்றத்துக்கு வெளியே நின்று தம்பி "ஹோடி" என்றான், உள்ளே வரலாமா என்று. உள்ளேயிருந்து "கரிபு", வாங்க. பாட்டிதான் பாய் விரித்தார். மருமகள் சுவரோரம் தள்ளி உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். பையனுக்கு மூன்று வயது. ஜனவரியில் போனான். துக்கத்துக்கு வந்த கூட்டமெல்லாம் கலைந்து மாதங்கள் ஆகின்றன.

தம்பி சம்மதப் படிவத்தை அவர்கள் மொழியான கிரியாமாவில் வாசித்தான். எந்த நேரமும் நிறுத்தலாம், பதில் சொல்லாவிட்டாலும் மருத்துவமனையில் கவனிப்பு குறையாது. பாட்டி தலையசைத்தார். மருமகள் என்னைப் பார்த்து, "டக்தாரிதானே வந்திருக்கீங்க," என்றாள். நான் டாக்டர் இல்லை, மருந்து தரமாட்டேன், கேட்டு எழுதிக்கொள்ள வந்தவள் என்றேன். தம்பியும் சொன்னான். "சரி டக்தாரி," என்றாள்.

முதலில் அவர்கள் போக்கிலேயே சொல்ல விடுவோம். பாட்டிதான் சொன்னார். திங்கட்கிழமை உடம்பு சுட்டது. செவ்வாய் இரவு கண் மேலே செருகியது, கைகால் வெட்டி இழுத்தது. நியூனி. பறவை பிடித்துவிட்டது. பறவை பிடித்த பிள்ளைக்கு ஊசி போட்டால் தாங்காது என்று அவர் அம்மா சொல்லியிருந்தாராம். அதனால் முதலில் ம்கங்கா என்கிற வைத்தியரிடம். புதன் முழுக்க அங்கே. வியாழன் விடியலில் பைக் பிடித்தார்கள், மருமகள் பின்னால் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். போகும் வழியில்.

படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது. இறந்த இடம்: மருத்துவமனைக்குப் போகும் வழி.

முடித்துக் கிளம்பும்போது மருமகள் வேலிவரை வந்தாள். அதுவரை பத்து வார்த்தை பேசியிருப்பாள். "எழுதினீங்களே, அதை யார் படிப்பாங்க?" டாக்டர்கள் என்றேன். "படிச்சா அவங்களுக்குத் தெரிஞ்சிடுமா?" ஓரளவு என்றேன். "அப்ப என்கிட்ட வந்து சொல்லுங்க. பறவையா, காய்ச்சலா. செவ்வாய்க்கிழமையே போயிருந்தா இருந்திருப்பானா?"

ஏப்ரல் 8, வெள்ளி

செவ்வாய்க்கிழமையே போயிருந்தா.

ஏப்ரல் 9, சனி

என் அம்மாச்சி பொழுது சாய்ந்த பிறகு குழந்தைத் துணியைக் கொடியில் விடமாட்டாள். பறவை தாண்டிவிடும், பட்சி தோஷம் வந்துவிடும் என்று ஓடிப்போய் உருவுவாள். நான் முப்பது வயதில், முனைவர் பட்டம் வாங்கிய பிறகு, அக்கா பெண் பிறந்தபோது அதே துணிகளை ஆறு மணிக்குள் எடுத்து மடித்திருக்கிறேன். அந்தப் பாட்டியின் வாயில் நியூனி என்ற சொல் வந்தபோது எனக்கு அது புதிதாக இல்லை. தோள்மேல் கிடந்த துணியின் ஈரம் நினைவுக்கு வந்தது. என் குறிப்பேட்டில் 'நோய் பற்றிய உள்ளூர் நம்பிக்கை' என்று தலைப்புப் போட்டிருந்தேன். இன்று அதை அடித்தேன். என்ன போடுவதென்று தெரியவில்லை, இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 10, ஞாயிறு

கடல் பக்கமிருந்து மேகம் வந்தது. போயிற்று.

ஏப்ரல் 12, செவ்வாய்

தம்பியோடு மதியம் மஹம்ரி என்கிற பொரித்த ரொட்டியும் தேங்காய்ப்பால் விட்ட துவரையும். இந்த ஊரிலேயே பிறந்தவன். சின்ன வயதில் ஆராய்ச்சி நிலையத்து வண்டியைக் கண்டால் புதருக்குள் ஓடுவார்களாம். முமியானி வருகிறான், இரத்தம் எடுத்துப்போய் விற்பான் என்று. இன்று அதே வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து வருகிறான்.

அந்தப் பயத்தை வெறும் வதந்தி என்று தள்ள என்னால் முடியவில்லை. 1989 முதல் இங்கே ஆராய்ச்சி நடக்கிறது. 2000 முதல் 891 சதுர கிலோமீட்டருக்குள் வீடு வீடாகக் கணக்கு, நான்கு மாதத்துக்கொரு முறை: யார் பிறந்தார், யார் வந்தார், யார் இறந்தார். இரண்டு தலைமுறை கதவைத் திறந்து பதில் சொல்லியிருக்கிறது. மலேரியா தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனையில் ஏழு நாடுகளில் 15,459 குழந்தைகள், அதில் கிலிஃபிக் குழந்தைகளும் உண்டு. தடுப்பூசி தேறியது, 2019 செப்டம்பரில் கென்யாவில் கொடுக்கவும் தொடங்கினார்கள், மேற்கே, விக்டோரியா ஏரிப்பக்கத்து மாவட்டங்களில். அங்கேதான் மலேரியா அதிகம், காரணம் நியாயமானது. ஆனால் போன மாதம் ஒரு தாய், "எங்க பிள்ளைக கையில குத்திப் பார்த்தது எங்க போச்சு?" என்று கேட்டபோது, நியாயமான அந்தக் காரணம் என் வாயிலிருந்து வரவில்லை.

கடிதம்: குழு கூடவில்லையாம். அடுத்த வாரம்.

ஏப்ரல் 15, வெள்ளி

குளிர். இந்த வெயிலில் போர்வை கேட்கிறது.

ஏப்ரல் 16, சனி

விரலில் குத்தி, பதினைந்து நிமிடத்தில் பட்டையில் இரண்டாவது கோடு. மலேரியா. நான்கு மாத்திரை இப்போது, எட்டு மணி நேரம் கழித்து நான்கு, பிறகு இரண்டு நாள் காலையும் மாலையும். மொத்தம் இருபத்து நான்கு. கொழுப்போடு சாப்பிட்டால்தான் உடம்பில் சேரும் என்று வீட்டுக்கார அம்மா முழுப்பால் காய்ச்சித் தந்தார். "போலே, போலே," பாவம் பாவம் என்று கால் பிடித்துவிட்டார்.

காய்ச்சல் தொடங்கி மாத்திரை விழுங்கும்வரை பத்தொன்பது மணி நேரம். எண்ணிப் பார்த்தேன். எதற்கு எண்ணினேன்?

ஏப்ரல் 17, ஈஸ்டர்

வெளியே பாட்டு. தலையைத் தூக்க முடியவில்லை.

ஏப்ரல் 18, திங்கள்

திங்கட்கிழமை உடம்பு சுட்டது. செவ்வாய் இரவு. புதன் முழுக்க அங்கே.

அம்மாவுக்குச் சொல்லவில்லை. வீடியோ வேண்டாம், சிக்னல் இல்லை என்றேன்.

ஏப்ரல் 20, புதன்

எழுந்து நடமாடுகிறேன். வாய் கசக்கிறது. இளநீர் மட்டும் இறங்குகிறது. மடாஃபு விற்கும் பையன் வெட்டும் விதம் அச்சு அசல் நம் ஊர்தான், மூன்று வெட்டு, ஒரு கொத்து.

பேராசிரியரோடு ஒரு மணி நேரம் தொலைபேசியில். வீட்டாரிடம் காரணத்தைச் சொல்வது என்ற என் யோசனையே அவருக்குக் கவலை. அவர் சொன்னது: வாய்மொழியாகக் கேட்டு மரணக் காரணம் கண்டுபிடிக்கும் முறை ஆயிரம் பேரைச் சேர்த்து எண்ணுவதற்காக உருவானது. எத்தனை பேர் மலேரியாவில், எத்தனை பேர் நிமோனியாவில் என்று ஒரு வட்டாரத்துக்குச் சொல்லலாம். தனி ஒரு பிள்ளைக்கு இதுதான் என்று கையடித்துச் சொல்ல அதற்குப் பலம் இல்லை. அதிலும் மலேரியாவை வெறும் அறிகுறியை வைத்துப் பிரிப்பது கடினம், காய்ச்சலும் வலிப்பும் எத்தனையோ நோயில் வரும்.

எல்லாம் சரி. ஆனால் அவள் ஆயிரம் பேரைக் கேட்கவில்லையே.

ஏப்ரல் 22, வெள்ளி

முன்னாள் ஜனாதிபதி கிபாகி இறந்துவிட்டார். ஜனாதிபதி தொலைக்காட்சியில் அறிவித்தார், கொடிகள் அரைக்கம்பத்தில். தொண்ணூறு வயது. தம்பி வெகுநேரம் பேசாமல் இருந்தான். 2003இல் தொடக்கப்பள்ளிக் கட்டணத்தை எடுத்தது அவர் அரசுதான், அதனால்தான் தானும் தன் தங்கையும் ஒரே நேரத்தில் பள்ளிக்குப் போனோம் என்றான். தங்கை இன்று நர்ஸ்.

ஏப்ரல் 25, திங்கள்

உலக மலேரியா நாள்.

1990களில் பூச்சிமருந்து தோய்த்த கொசுவலையை இங்கேதான் சோதித்தார்கள். சிறு குழந்தைகளின் இறப்பு 33 விழுக்காடு குறைந்தது. இன்று ஆப்பிரிக்கா முழுக்கத் தொங்கும் வலைகளுக்கு இந்த வீடுகளும் ஒரு காரணம். இன்னொன்று, ஃபீஸ்ட் சோதனை. கென்யா, உகாண்டா, தான்சானியாவில் 3,141 குழந்தைகள். கடும் காய்ச்சலோடு இரத்த ஓட்டம் தளர்ந்து வரும் பிள்ளைக்கு நரம்பில் வேகமாகத் திரவம் ஏற்று என்பது உலகெங்கும் பாடம். அப்படி ஏற்றிய பிள்ளைகள் நூற்றுக்கு பத்துக்கும் மேல் 48 மணி நேரத்தில் இறந்தார்கள், ஏற்றாத பிள்ளைகளில் ஏழு சொச்சம். 2011இல் சோதனையை முடியும் முன்பே நிறுத்தினார்கள். எல்லாருக்கும் தெரிந்த பாடம் தப்பாக இருந்தது, அதை உலகத்துக்குக் காட்டியவர்கள் இந்தப் பிள்ளைகள். பிள்ளை மூச்சுக்குத் திணறும்போது தாயிடம் பக்கம் பக்கமாக வாசிக்க முடியாது, அதனால் அவசரத்தில் வாய்வார்த்தையாக ஒரு 'சரி' வாங்கி, முழு விளக்கத்தைப் பிறகு சொன்னார்கள்.

அந்தப் 'பிறகு' என்ற சொல்லில் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். இங்கே ஆராய்ச்சி வேண்டும், இன்னும் வேண்டும், அதில் எனக்கு ஐயமே கிடையாது. ஆனால் கேட்டுப்போனவர்கள் பிறகு திரும்பி வந்து சொல்ல வேண்டும். முற்றத்தில் பாய் விரித்தவரிடம் அதே பாயில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 27, புதன்

அந்தப் பையனின் படிவம் திரும்பி வந்தது. இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் படித்திருக்கிறார்கள். ஒருவர் மலேரியா. மற்றவர் மூளைக்காய்ச்சல். மூன்றாமவருக்குப் போகும்.

ஏப்ரல் 28, வியாழன்

தூக்கம் இல்லை. மலேரியா என்று சொன்னால் செவ்வாய்க்கிழமைக்குப் பதில் சொன்னதாகிவிடும். பாட்டி தலையில் பழி விழும். மகன் மொம்பாசாவிலிருந்து மாதம் ஒருமுறை வருகிறவன், அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் சீமா என்கிற மக்காச்சோளக் களி கிண்டித் தின்கிறார்கள். நான் போய் ஒரு சொல் சொல்லிவிட்டு வண்டியேறி வந்துவிடுவேன்.

சொல்லாவிட்டால்? அவளாகவே முடிவுகட்டிக்கொண்டிருப்பாள். மூன்று மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள், என் கடிதத்துக்காக அவள் மனம் காத்திருக்கவில்லை.

ஏப்ரல் 30, சனி

கிபாகி அடக்கம், அவர் ஊரான ஒத்தாயாவில். தேநீர்க்கடையில் எல்லாரும் தொலைக்காட்சியைப் பார்த்தபடி. சிறு தூறல். தரை நனையும் முன் நின்றது. விதை இதற்குள் வெந்திருக்கும் என்றார் கடைக்காரர்.

மே 3, செவ்வாய்

பெருநாள். பக்கத்து வீட்டிலிருந்து பிலாவ், மூடிபோட்ட தட்டில். தம்பி அந்த ஊர்ப் பக்கம் போய்வந்தானாம். மருமகளைக் கிணற்றடியில் பார்த்தானாம். "டக்தாரி வரலையா," என்று கேட்டாளாம்.

மே 6, வெள்ளி

கடிதம் வந்துவிட்டது. நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டது, நிபந்தனைகளோடு: வீட்டார் தாங்களாகக் கேட்டால் மட்டும், ஒரு மருத்துவரும் ஆற்றுப்படுத்துநரும் உடன் வரவேண்டும், உறுதியாகத் தெரியாததை உறுதிபோலச் சொல்லக்கூடாது. கடைசி நிபந்தனையைப் பலமுறை படித்தேன். மூன்றாமவர் முடிவும் சேர்ந்தே வந்தது: காய்ச்சல் நோய், வகை தீர்மானிக்க இயலவில்லை.

இதைத்தான் எடுத்துக்கொண்டு போகவேண்டும். இத்தனை வாரம் காத்திருந்தது இதற்கு. தம்பியிடம், 'எங்களுக்கும் தெரியவில்லை' என்பதைக் கிரியாமாவில் எப்படிச் சொல்வாய் என்று கேட்டேன். மூன்று விதமாகச் சொல்லிக் காட்டினான். ஒன்றில் கைகழுவும் தொனி இருக்கிறது, அது வேண்டாம் என்றான் அவனே.

மே 8, ஞாயிறு

செவ்வாய்க்கிழமையே போயிருந்தால் என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் வாக்கியம் கிடைக்கவில்லை. எங்களோடு வரப்போகும் டாக்டர், "வலிப்பு வந்த பிறகு சேர்த்த பிள்ளைகளிலும் பிழைக்காதவர்கள் உண்டு, அதை நான் சொல்கிறேன்," என்றார். அது உண்மை. பாட்டி எதிரில் அவர் அதைச் சொல்லட்டும்.

மே 9, திங்கள்

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். வீடு பூட்டியிருந்தது. பாட்டி மட்டும் கோழிக்கு ஏதோ போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் இல்லை, தீனி இல்லை, மருமகள் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள், பாம்பா பக்கம். எப்போது வருவாள்? மழை வந்தால்.

பாட்டி பாய் விரித்தார். எங்கள் நால்வரையும் பார்த்தார், டாக்டரின் பையைப் பார்த்தார். "அவகிட்ட சொல்ல வந்ததை என்கிட்ட சொல்லுங்க. நானும்தான் கேட்கணும்," என்றார்.

மருத்துவர் என் முகத்தைப் பார்த்தார். நான் உட்கார்ந்தேன்.